காரியைச் சுடாத எதிரி

காரைக்குடி
9-6-2024

அன்புள்ள கொழுந்தனாருக்கு மதினி ஈஸ்வரி எழுதுவது.

இங்கு உங்கள் அண்ணனும் நானும் சுகம். கடையில் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சுகம், ஜெராக்ஸ் மிஷினுக்கு மட்டும் இருமல். போன வாரம் ஜெயிலில் உங்களை மனுப் போட்டுப் பார்த்துவிட்டு வந்த அண்ணன், "ஜெயில் சோத்துல தொப்பை கரைஞ்சு புது மாப்பிள்ளை கணக்கா இருக்கான்" என்றார். பொண்ணையும் அங்குட்டே பார்த்துக்கொண்டால் எனக்கு அலைச்சல் மிச்சம்.

அண்ணனிடம் இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். மாசியில் விடுதலையானதும் மிச்ச வேலையை முடிப்பேன் என்று. மிச்சம் என்றால் என் தம்பி வீரையாவின் இடது கையும் தலையும். எனக்குப் புரியாதா? அஞ்சாங்கிளாஸ் படித்தவள் என்றாலும் கழித்தல் கணக்குத் தெரியும்.

உங்கள் காரி நல்ல மாடுதான். நான் இல்லையென்று சொல்லவில்லை. மஞ்சுவிரட்டுப் பொட்டலில் இருந்து திருப்பத்தூர் ரோட்டுக்கு ஓடி லாரியில் அடிபட்டுச் செத்தபோது நானும் அழுதேன். வீரையாதான் ரோட்டுப் பக்கம் விரட்டினான் என்று நீங்கள் நம்பினீர்கள். அன்று சாயங்காலமே அவனுடைய வாழைக்கொல்லைக்கு அருவாளோடு போனீர்கள். வெட்டுப்பட்டு விழுந்த வலது கையை மீன்கடை ஐஸ்பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரை வரைக்கும் போனவள் நான். ஒட்ட வைக்க முடியவில்லை. ஒரு மாட்டுக்கு ஒரு கை போதும், கொழுந்தனாரே.

சரி, இது வேற. நீங்கள் பாதியில் விட்டுப்போன அந்த விண்வெளி ஆட்டம் கடைசி மிஷினில் அப்படியே இருக்கிறது. ஒருவர் ஆடினபிறகு அடுத்தவர் ஆடுகிற ஆட்டம்தானே, அவசரமில்லை. என்ன செய்ய வேண்டுமென்று எழுதுங்கள். நான் இங்கே நகர்த்துகிறேன். எதிரி என்ன செய்தான் என்று பதில் போடுகிறேன். உங்களுக்குப் பொழுது போகும், எனக்கும் சீரியல் மிச்சம்.

கோளுக்கெல்லாம் நம் பக்கத்து ஊர்ப் பெயர் வைத்தீர்களே, அதெல்லாம் அழியவில்லை. உங்கள் தலைநகரம் காரைக்குடி. எதிரிக்குத் தலைநகரம் தேவகோட்டை. பெரிய போர்க்கப்பலுக்குக் காரியின் பெயர், முகப்பில் காரியின் படம். நானும் ஆட்டத்தின் கோப்பைத் திறந்து ஒரு வேலை பார்த்தேன். பிள்ளையார்பட்டி மேல் யாரும் குண்டு போடக்கூடாது என்று மாற்றிவிட்டேன். ஒன்று என்றால் போடலாம், சுழி என்றால் போட முடியாது. சுழி போட்டேன். பிள்ளையாருக்கும் பிள்ளையார் சுழிதான்.

இப்படிக்கு
உங்கள் மதினி
ஈஸ்வரி


மதுரை
1-7-2024

மதினிக்கு பாண்டீஸ்வரன் எழுதுவது. நலம். அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்.

கை ஒட்டவில்லை என்று எனக்கு எழுத வேண்டாம். காரியின் வயிறு கிழிந்து ரோட்டில் கிடந்ததை நான் பார்த்தேன். அதன் கழுத்தில் நான் கட்டிவிட்ட சிவப்புத் துண்டு உங்கள் தம்பி கையில் இருந்ததையும் பார்த்தேன். மாட்டைச் சாகக் கொடுத்துவிட்டுப் பிடித்த பெருமைக்குத் துண்டை வைத்துக்கொண்டு நின்றான். மாசியில் பேசிக்கொள்கிறேன்.

ஆட்டத்துக்கு வருகிறேன்.

குன்றக்குடியில் நிற்கும் படையை இரண்டாகப் பிரியுங்கள். பாதி கல்லல் கோளை வளைக்கட்டும். முதலில் கவசத்தை அடித்து உடைக்க வேண்டும், கவசம் இருக்கும்வரை குண்டு உள்ளே இறங்காது. உடைந்ததும் நிறுத்தாமல் போடுங்கள். மண் கண்ணாடியாக உருகுகிற வரைக்கும் போடுங்கள். கைப்பற்ற வேண்டாம். ஆள் இல்லாத கோள் போதும்.

மிச்சப் பாதி காளையார்கோவில் வழியை அடைக்கட்டும். தப்பி வருகிற கப்பலை அங்கே வைத்துத் தீர்த்துவிடலாம்.

ஒன்றை நினைவில் வையுங்கள். கோள் எல்லாம் போனாலும் ஒருவனிடம் ஒரு கப்பல் மிச்சம் இருக்கிறவரை இந்த ஆட்டம் முடியாது. கடைசிக் கப்பலையும் எரித்தால்தான் ‘வெற்றி’ என்று எழுத்து வரும். அதனால் ஒன்றையும் விடாதீர்கள்.

பாண்டி


காரைக்குடி
28-7-2024

அன்புக் கொழுந்தனாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கே வியர்த்துவிட்டது. கல்லலில் என் ஒன்றுவிட்ட நாத்தனார் இருக்கிறாள், தெரியுமல்லவா? உருக்கிவிட்டேன். மூன்று முறை அடித்ததில் கவசம் முட்டை ஓடு மாதிரி நொறுங்கியது. அப்புறம் திரை முழுக்க ஆரஞ்சு வெளிச்சம். மக்கள்தொகை என்கிற இடத்தில் எண் குறைந்துகொண்டே வந்து சுழியில் நின்றது. மறுநாள் நாத்தனாருக்கு போன் போட்டு நல்லாயிருக்கியா என்று கேட்டேன். "என்ன மதினி, அதிசயமா இருக்கு?" என்றாள். சும்மாதான் என்றேன்.

ஆனால் எதிரி சும்மா இல்லை. காளையார்கோவில் வழிக்கு அனுப்பின பாதிப் படையை அவன் காத்திருந்து பிடித்தான். நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் அடைத்து, ஒவ்வொரு கப்பலாக வயிற்றில் அடித்தான். இரண்டாகப் பிளந்து உள்ளே இருந்த ஆளெல்லாம் பொரி சிதறுகிற மாதிரி சிதறினார்கள். தப்பி ஓடின சின்ன ஓடங்களைக்கூட விடவில்லை, தேடித் தேடிச் சுட்டான். காரி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் திரும்பியது.

உங்களுக்குப் பிடிக்குமென்று அடைமாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினேன். உள்ளே விடமாட்டார்களாம். உங்கள் பெயரைச் சொல்லி அண்ணன் பஸ்ஸிலேயே தின்று தீர்த்துவிட்டார்.

ஈஸ்வரி


மதுரை
2-9-2024

மதினி,

போன கடிதம் என் கைக்கு வர ஒரு மாதம் ஆனது. ஏன் தெரியுமா? தபாலைப் படித்துப் பார்க்கிற அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் உங்கள் கடிதம். கல்லலை உருக்கியது, காளையார்கோவில் வழியை அடைத்தது எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்புக் கோடு.

"ஏய்யா, உள்ளுக்க உக்காந்துக்கிட்டு சிவகங்கை ஜில்லாவையே காலி பண்றியா?"

"சார், அது கம்ப்யூட்டர் கேம் சார்."

"கேம்ல எதுக்குய்யா குன்றக்குடி வருது?"

கோப்பில் பெயர் மாற்றுவது, கப்பலுக்குப் படம் ஒட்டுவது எல்லாம் விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரம் பிடித்தது. கடைசியில் கோடு போட்ட தாளையே திருப்பிக் கொடுத்தார். வெளியே போகும்போது, "பிள்ளையார்பட்டிக்கு சுழி போட்டது யாரு? உங்க மதினியா? அவுகளைக் கேட்டதாச் சொல்லு" என்றார். இப்போது அடுத்த கடிதம் எப்போது வரும் என்று என்னைவிட அவர்தான் கேட்கிறார்.

ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் எதிரி தப்பி ஓடுகிற ஓடத்தைச் சுடாது. அதில் ஒரு லாபமும் இல்லை, குண்டுதான் வீண். இவன் சுடுகிறான். கோபக்காரன் மாதிரி ஆடுகிறான். எதிரியின் மூளைக் கோப்பில் என்ன எண்ணை மாற்றினீர்கள்? எதுவாக இருந்தாலும் அப்படியே இருக்கட்டும். இப்படி ஒருவனை வெட்டினால்தான் வெட்டினது மாதிரி இருக்கும்.

காரியை முன்னால் விடுங்கள். நேரே தேவகோட்டைக்கு. வழியில் எது நின்றாலும் எரித்துக்கொண்டு போகட்டும்.

பாண்டி


காரைக்குடி
6-10-2024

கொழுந்தனாருக்கு,

அதிகாரியையும் கேட்டதாகச் சொல்லவும். சார், இதைப் படிக்கிறீர்களென்றால் வீட்டில் எல்லாரும் சுகமா?

காரியை விட்டேன். கண்ணால் பார்க்க வேண்டும் அதை. எதிரிக் கப்பல்கள் ஆட்டுக்கிடை மாதிரி நெருங்கி நின்றன. காரி உள்ளே புகுந்து இடமும் வலமும் சுட்டுக்கொண்டே போனது. ஒன்று எரிந்து பக்கத்துக் கப்பலின்மேல் சாய, அது வெடித்து அதற்கடுத்ததைக் கிழித்தது. கண்டனூர், புதுவயல் இரண்டும் சாம்பல். எதிரிக்கு இப்போது பாதிப் படைகூட இல்லை.

அவன் காரியைச் சுற்றி வந்த சின்னக் கப்பல்களை எல்லாம் நொறுக்கினான். உங்கள் பின்படையை அடித்தான். அங்குட்டுப் போய்க் கானாடுகாத்தானை ஊதித் தள்ளிவிட்டு வந்தான். காரியை மட்டும் ஒரு குண்டால் தொடவில்லை.

தீபாவளிக்கு அண்ணன் எனக்குச் சேலை எடுத்தார். கலரைப் பார்த்தால் எரிந்துபோன புதுவயல் மாதிரி இருக்கிறது.

ஈஸ்வரி


மதுரை
4-11-2024

மதினி,

எதிரியின் மூளைக் கோப்பை நான் வரி வரியாகப் படித்தவன். அதில் முதல் விதியே, பார்வைக்குள் வருகிற பெரிய கப்பலை முதலில் சுடு என்பதுதான். காரியைவிடப் பெரிய கப்பல் அந்த ஆட்டத்தில் இல்லை. கம்ப்யூட்டராக இருந்தால் எல்லாக் குண்டையும் காரிமேல்தான் கொட்டியிருக்கும்.

ஓடத்தில் தப்பிப் போகிற ஆளைச் சுடுகிறான். காரியைச் சுடவில்லை. பாதிப் படை போனாலும் சுடவில்லை.

எதிரே யார் உட்கார்ந்திருப்பது?

பாண்டி


காரைக்குடி
24-11-2024

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தின் நீளத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். வீரையாதான்.

ஊனமுற்றோர் உதவிக்கு மனுப் போட வைகாசியில் கடைக்கு வந்தான். கடைசி மிஷினில் காரியின் படத்தைப் பார்த்துவிட்டு நின்றான். "யாரு ஆட்டம்க்கா இது?" என்றான். சொன்னேன். அப்புறம் கேட்டான்:

"இதுல அவனை வெட்டலாமா?"

"வெட்டலாம்டா. எத்தனை தடவை வேணும்னாலும் வெட்டு."

உட்கார்ந்துவிட்டான். மவுஸை இடது கையில் பிடிக்கிறான். சுடுகிற பட்டன் வேறு எங்கேயோ இருந்தது. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி கோப்பைத் திறந்து, கீபோர்டில் அடியில் நீளமாக இருக்கிற பட்டனுக்கு அதை மாற்றினேன். அவனுடைய மொட்டைக் கைக்கு அதுதான் எட்டும். உங்கள் ஆட்களை அவன் சுட்டதெல்லாம் நீங்கள் வெட்டின கையால்தான்.

கோபப்படுங்கள், பரவாயில்லை. அவன் வீட்டில் உத்திரத்தில் ஒரு அருவாளைச் செருகி வைத்திருக்கிறான். மாசிக்காக. இடது கையால் வாழைத்தண்டை வெட்டிப் பழகினதை நான் பார்த்தேன். ஒரே வீச்சில் விழுகிறது. நீங்கள் அங்குட்டு இருந்து சபதம் போடுகிறீர்கள், இவன் இங்குட்டு இருந்து தீட்டுகிறான். ஒருவன் புருஷன் கூடப்பிறந்தவன், ஒருவன் என் கூடப்பிறந்தவன். நான் எந்தப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அழுவது? வெறி தீர ஒரு பொட்டல் வேண்டும் என்றுதான் இரண்டு பேரையும் அந்தக் கண்ணாடிக்குள் இறக்கிவிட்டேன்.

காரி விஷயம் நான் சொல்லிக்கொடுத்ததில்லை. உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் நானே கேட்டேன், "ஏண்டா, அதைச் சுட்டா நீ செயிச்சிருவியேடா" என்று. அவன் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"முடியலக்கா. அன்னைக்கு லாரி வர்றதை நான் பாத்துட்டேன். ஓடிப்போய் கழுத்துத் துண்டைப் பிடிச்சு இழுத்தேன். துண்டு அந்து என் கையோட வந்துருச்சு. மாடு போயிருச்சு."

நீங்கள் பார்த்த துண்டு அதுதான். பிடித்த பெருமைக்கு வைத்திருந்த துண்டில்லை. நீங்கள் எடுத்ததும் அந்தத் துண்டைப் பிடித்த கையைத்தான்.

இதை அவன் போலீசிலும் சொன்னான், கோர்ட்டிலும் சொன்னான். யாரும் நம்பவில்லை. தம்பி என்பதால் நான் நம்புகிறேன் என்பீர்கள். என்னை விடுங்கள். ஆடுவது யார் என்று தெரியாமலே அவன் ஆட்டத்தை நீங்கள் படித்தீர்களே, அதை நம்புங்கள்.

உங்கள் முறை நிற்கிறது.

ஈஸ்வரி


காரைக்குடி
17-1-2025

கொழுந்தனாருக்கு,

மார்கழி முழுக்கப் பதில் இல்லை. பொங்கலும் போய்விட்டது. அண்ணன் மனுப் பார்க்க வந்தபோது தலைவலி என்று திருப்பி அனுப்பினீர்களாம். மதினி கடிதம் போட்டால் கொழுந்தனுக்குத் தலை வலிக்கும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

நேற்று மஞ்சுவிரட்டு. வீரையா போகவில்லை. கடையில் வந்து உட்கார்ந்திருந்தான். தினமும் வருகிறான். "வந்துருச்சா?" என்கிறான். இல்லையென்றால் எழுந்து போய்விடுகிறான். போன வாரம் அருவாளைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் புதுப்பிடி போட்டுக்கொண்டு வந்தான். இடது கைக்கு வாகாக.

கடைசி மிஷினை நான் அணைக்கவே இல்லை. கரண்ட் பில் உங்கள் தலையில்தான்.

மதினி


மதுரை
3-2-2025

மதினிக்கு,

தபால் அதிகாரி நவம்பர் கடிதத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்தார். அதை நான் முதலில் கிழித்துப் போட்டேன். அவர் பொறுக்கி எடுத்து, மேசை இழுப்பறையில் வைத்திருந்து, போன வாரம் திருப்பிக் கொடுத்தார். "இன்னொருக்காப் படி" என்றார். படித்தேன்.

துண்டை நான்தான் கட்டினேன். அவிழாமல் இருக்கட்டும் என்று இரட்டை முடிச்சு. இழுத்து அறுக்க வேண்டுமென்றால் ஒரு மனுஷனுடைய முழு பலமும் வேண்டும். விரட்டுகிறவன் முன்னால் நின்று துண்டை இழுக்க மாட்டான். இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவில்லை.

என் முறைக்கான உத்தரவு இதுதான்.

காரைக்குடியின் கவசத்தை இறக்குங்கள். குன்றக்குடி, கோட்டையூர், எல்லாக் கோளின் கவசத்தையும் இறக்குங்கள். எல்லாக் கப்பலின் பீரங்கியையும் அணையுங்கள். ஒன்றும் நகர வேண்டாம். முறையை முடித்துவிடுங்கள்.

மச்சான் சுடட்டும். வெறி தீர்கிற வரைக்கும்.

28ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் விடுகிறார்கள். அண்ணன் வர வேண்டாம். பஸ் ஏறி நேரே கடைக்கு வருகிறேன். கையில் ஒன்றும் இருக்காது. மச்சான் அங்கே இருந்தால் இருக்கட்டும், அருவாளோடு இருந்தாலும் சரி.

பாண்டி


காரைக்குடி
12-2-2025

அன்புள்ள கொழுந்தனாருக்கு மதினி எழுதுவது. இந்தக் கடிதம் நீங்கள் விடுதலையாவதற்கு முன்னால் கிடைக்க வேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுப் போடுகிறேன். அவரைக் குண்டிலிருந்து காப்பாற்றினவள் நான், கேட்பார்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கவசம் எல்லாம் இறங்கியது. வீரையா வந்தான். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். "கிறுக்குப்பய, நான் விட்டுருவேன்னு நெனைக்கிறானா?" என்றான். உட்கார்ந்தான்.

விடவில்லை, கொழுந்தனாரே. பொய் சொல்லி உங்களைச் சந்தோஷப்படுத்த எனக்குத் தெரியாது. குன்றக்குடியில் ஆரம்பித்தான். மொட்டைக் கையால் அந்தப் பட்டனைக் குத்தின குத்தில் மேசை ஆடியது. ஒவ்வொரு குத்துக்கும் உங்கள் பெயரைச் சொன்னான், கூடவே உங்கள் பரம்பரையையும் இழுத்தான். அந்தப் பரம்பரையில் என் புருஷனும் உண்டு என்று நான் ஞாபகப்படுத்தினேன், காதில் விழவில்லை. கோட்டையூர் உருகியது. நின்ற இடத்தில் நின்ற கப்பல்களை ஒவ்வொன்றாகக் கிழித்தான். காரைக்குடியைக் கடைசிக்கு வைத்துக்கொண்டான். அதன்மேல் போட்ட குண்டு அடங்கினபோது அங்கே கோளே இல்லை, வெறும் தூசிதான். மொட்டைக் கையின் தோல் கிழிந்து கீபோர்டெல்லாம் ரத்தம். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

எல்லாம் முடிந்தபின் திரையில் காரி மட்டும் நின்றது. பீரங்கி அணைந்து, சும்மா. நீங்கள் முதலில் எழுதினீர்களே, கடைசிக் கப்பலையும் எரித்தால்தான் ‘வெற்றி’ என்று எழுத்து வருமென்று. ஒரே ஒரு குத்துதான் பாக்கி. கையை ஓங்கினான். ஓங்கின கை அப்படியே நின்றது. அப்புறம் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, காரியின் படத்தைப் பார்த்து அழுதான். வெட்டுப்பட்ட அன்றுகூட அவன் அழவில்லை.

நான் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டேன். "முடிச்சு எப்படி, நல்லா இறுக்கவா?" என்றேன். "இரட்டை முடிச்சா போடுக்கா" என்றான். உங்கள் கடிதத்தில் அதைத்தான் அவன் இரண்டாம் தடவை படித்திருக்கிறான்.

மறுநாள் காலையில் அருவாளைக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தான். "வீட்டுல இருந்தா கை சும்மா இருக்காது. இங்கேயே கிடக்கட்டும்" என்றான். நான் அதை வைத்து ஜெராக்ஸ் பேப்பர் கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல பதம், புதுப்பிடி வேறு.

மன்னித்துவிட்டானா என்று என்னைக் கேட்காதீர்கள். அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 28ஆம் தேதி கடைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். வந்ததும் உங்களை ஒரு அறை அறைவானாம், இடது கையால். அதற்கு மட்டும் தாடையைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆட்டம் இன்னும் முடியவில்லை. திரையில் போக ஊர் இல்லாமல் காரி தனியாக நிற்கிறது. அதற்கு வீரையாவையும் தெரியாது, என்னையும் தெரியாது. நீங்கள் வந்து ஓட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் மதினி
ஈஸ்வரி